சிவப்பரிசி தூக்கிய கரப்பொத்தான்

ஸுஹைனா வீட்டுக் குசினியில் ஒரு கள்வன் பிடிபட்டான். கண்டுபிடித்தது ஸுஹைனாவேதான்.

மஃரிப் தொழுகை முடிந்த கையோடு கரண்ட் போய்விட்டது. தண்ணீர் குடிக்க டோர்ச்சோடு போனவள், அடுப்பு மேடையில் சின்னக் கரப்பொத்தான் ஒன்று ஓடுவதைக் கண்டாள். வெளிச்சம் பட்டால் கரப்பொத்தான் ஓடத்தான் செய்யும். ஆனால் இதன் வால் பக்கத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். நீளமாக, சிவந்த மண்ணிறத்தில் ஒரு மணி.

"உம்மா! ஓடி வாங்க! கரப்பொத்தான் அரிசி களவெடுத்துட்டுப் போகுது! சிவப்பரிசி!"

உம்மா ஓடி வந்தார். சிவப்பரிசி என்றதும் அவருடைய முகம் மாறியது. இந்த வீட்டில் எப்போதும் வெள்ளைச் சம்பாதான். சிவப்பரிசி சமைப்பது பக்கத்து வீட்டுப் பஹீமா மாமி.

காத்தான்குடியில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் நிற்கும். இந்த இரண்டு குசினிகளுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில் கதவும் கம்பியும் இல்லாத சின்ன ஜன்னல். அதன் வழியாக மீன் ஆணம் இங்கே வரும், கத்தரிக்காய்க் கறி அங்கே போகும். நடுவில் மாமியின் மகள் அஸீமாவின் தலையும் வந்து போகும். அஸீமாவும் ஸுஹைனாவும் ஒரே வகுப்பு, உட்காருவதும் ஒரே வாங்கில்.

"இந்தச் சின்னப் பூச்சி எங்கிரிந்து வருகுதெண்டு நானும் யோசிச்சிட்டுத்தான் இரிந்தன். இப்ப விளங்குது" என்றார் உம்மா.

அடுத்த நாள் நளீர் மாமாவுக்குச் செய்தி போனது. உம்மாவின் தம்பியான அவருக்கு எந்த வருத்தத்துக்கும் மருந்து சீமெந்துதான்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வாறன் ராத்தா. அந்த ஜன்னல ஒரேயடியா அடைச்சிப் போடுவம்."

ஸுஹைனாவுக்குத் துப்பறிந்த பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அஸீமாவிடமே சொல்லிவிட்டாள்.

"உங்கட ஊட்டுக் கரப்பொத்தான் எங்கட ஊட்டுக்கு வருகுது. வரக்குள்ள உங்கட அரிசியையும் கொண்டு வருகுது!"

அஸீமா புத்தகப் பையை எடுத்துக்கொண்டு கடைசி வாங்குக்குப் போய்விட்டாள். அன்று மாலை ஜன்னலில் தலையும் தெரியவில்லை.

ஸுஹைனாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. அந்தக் கள்வனை ஜாம் போத்தலில் பிடித்தாள். மூடிக்குப் பதிலாகத் துணி கட்டினாள். உள்ளே ஒரு பிஸ்கட் துண்டும், ஈரப் பஞ்சும், மடித்த கடதாசித் துண்டும் போட்டாள்.

"அரிசியக் கீழ வைக்காமலா போயிருவாய்? அப்பப் பாக்கிறன்."

கரப்பொத்தான் வைக்கவில்லை. தின்னும்போதும் வைக்கவில்லை, ஓடும்போதும் வைக்கவில்லை. பகலெல்லாம் மடித்த கடதாசியின் இடுக்கில் புகுந்து கிடந்தது. வெளியே வந்தால் நீளமான மீசையை வாயால் இழுத்து இழுத்துத் துடைத்தது. உம்மா சொல்லியும் முகம் கழுவாத ஸுஹைனாவைவிட அது சுத்தக்காரன்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். இதன் தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். அஸீமா வீட்டில் அவள் கண்டதெல்லாம் கழிவுநீர்க் கானிலிருந்து வரும் பெரிய, சிவந்த கரப்பொத்தான்கள். பறந்து வந்து மாமியை வீரிட வைக்கும் ஆட்கள். இது வேறு ஜாதி.

வெள்ளிக்கிழமை காலை போத்தலைப் பார்த்தவள் கத்தியே விட்டாள். உள்ளே எள்ளு எள்ளாகக் குஞ்சுகள்! சிவப்பரிசி மணி வெறும் கோதாகப் பிளந்து கிடந்தது.

அது அரிசியே இல்லை. முட்டைக் கூடு! வயிற்றுக் குஞ்சுகளை அந்தத் தாய் இத்தனை நாளும் கீழே வைக்காமல் சுமந்திருக்கிறது. அதைப் போய்க் கள்வன் என்றாளே!

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அஸீமாவின் நினைவு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன? குஞ்சுகள் எல்லாம் அந்தக் கடதாசி மடிப்புக்குள்தான் முண்டியடித்தன. இவர்களுக்கு இடுக்கு வேண்டும். கடதாசி இடுக்கு என்றால் இன்னும் விருப்பம். இந்தக் குசினியில் அப்படி என்ன இருக்கிறது?

மேசைக்கு அடியில் பார்த்தாள்.

அங்கே கட்டாரிலிருந்து வாப்பா அனுப்பிய மட்டைப் பெட்டி இருந்தது. பால்மாவும் சொக்லேட்டும் எப்போதோ முடிந்துவிட்டன. பெட்டியை மட்டும் யாரையும் எறிய விடவில்லை அவள். அதன் பக்கவாட்டில் வாப்பாவின் கையெழுத்தில் பெரிதாக 'ஸுஹைனாவுக்கு' என்று இருந்தது.

மெல்ல மூடியைத் தூக்கி டோர்ச் அடித்தாள். மட்டையின் நெளிவு நெளிவான துளைகளில் மீசைகள் ஆடின. ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் இரண்டு கோடுகள்.

சொன்னால் பெட்டி போய்விடும். சொல்லாவிட்டால் ஜன்னல் போய்விடும். ஸுஹைனா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வாப்பாவின் எழுத்தை ஒரு தடவை விரலால் தடவினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, போத்தலோடு ஜன்னலுக்குப் போனாள்.

"அஸீமா! உங்கட அரிசி குஞ்சு பொரிச்சிட்டுது!"

அஸீமாவின் தலை மெல்ல எட்டிப் பார்த்தது. பின்னாலேயே மாமியின் தலையும் வந்தது. சத்தம் கேட்டு உம்மாவும் வந்து நின்றார். ஸுஹைனா எல்லாவற்றையும் சொன்னாள், பெட்டியையும் சேர்த்து.

"கரப்பொத்தான் எங்கட ஊட்டுலதான் இரிந்த. நான் பிழையாச் சொல்லிட்டன், மாமி. அஸீமா, என்னோட கோவிக்காத."

உம்மா வெட்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். பஹீமா மாமிதான் பேசினார்.

"எங்கட ஊட்டுலயும் இந்தச் சின்னதுகள் ஓடுது, மகள். எல்லாம் இந்த ஜன்னலாலதான் வருகுது. நான் கண்டுதான் இரிக்கன்."

"அப்ப ஏன் மாமி சொல்லல்ல?"

"பூச்சிக்காகப் பக்கத்து ஊட்டோட சண்ட பிடிக்கிறதா?" என்று மாமி சிரித்தார்.

ஜும்ஆ முடிந்து நளீர் மாமா சீமெந்து வாளியோடு வந்தபோது, முற்றத்தில் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. போத்தல் குடும்பமும் அதற்குள்ளேதான். ஸுஹைனாவும் அஸீமாவும் கைகோத்து நின்று பார்த்தார்கள்.

"அப்ப நான் குழைச்ச சீமெந்த என்ன செய்யிற?" என்றார் மாமா பரிதாபமாக.

"தண்ணித் தொட்டிக்குக் கீழ வெடிப்பு இரிக்கி, மாமா. அவங்களுக்கு இடுக்குத்தான் விருப்பம். அத அடைங்க" என்றாள் ஸுஹைனா.

மாமாவின் முகம் மலர்ந்தது. குசினியில் ஒரு வெடிப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அன்றிரவு கதையைக் கேட்ட வாப்பா வீடியோ கோலில் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்ட பேரப் பெரிசா எழுதித்தானே அனுப்பின, மகள். பூச்சி வாசிக்கல்ல போல!"

அடுத்த நாள் பகல், ஜன்னல் வழியாக ஒரு தட்டு வந்தது. ஆவி பறக்கும் சிவப்பரிசிச் சோறும் மீன் ஆணமும். ஸுஹைனா ஒவ்வொரு பிடியையும் உற்று உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். அஸீமா ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிகூட எழுந்து நடக்கவில்லை.