பழைய குழி ஐபி

சுரங்க ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து, பழைய குழியின் நெட்வொர்க் முகவரியான ஐபிக்கு, உயிரோடிருக்கிறதா என்று சும்மா ஒரு பிங் போட்டுப் பார்த்தாள் மேகலா. பதில் வந்தது.

அங்கே போன நெட்வொர்க் வயரை அறுத்துப் போட்டு ஒன்றரை வருஷமாகிறது. அரியலூருக்கு வெளியே அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் பழைய குழி முழுக்க இப்போது தண்ணீர்தான். இன்றைக்கு அவள் ஏற்றிய, எல்லா இடத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் விபிஎன் சர்வருக்கு மூன்று ஐபி: ஆபீசுக்கு ஒன்று, புதுக் குழிக்கு ஒன்று, மூன்றாவது அந்தப் பழைய குழியுடையது. முதல் இரண்டை மட்டும் திறந்திருக்க வேண்டும். சோம்பேறித்தனத்தில் மூன்றையும் திறந்துவிட்டிருந்தாள். தொலையட்டும் என்று விட்டாள். இப்போதெல்லாம் அவள் மனசு எதற்கும் பதறுவதில்லை.

குழிக்குள் இறங்குகிறவர்கள் கையிலிருக்கிற டேப்லெட்டில் லாகின் பண்ண வேண்டும், ஏறினதும் லாகவுட். உள்ளே இருப்பவர்களின் பட்டியல் காலியானால்தான் மதியம் ஒன்றரைக்குச் சங்கு ஊதுவார்கள். மூன்றாவது சங்குக்கு வெடி. சில சமயம் ஆள் ஏறி வந்த பின்னும் பேர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை அழிப்பது மேகலாவின் வேலை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், பழைய குழியில் கடைசியாக வெடி வைத்த அன்றைக்கும் அப்படித்தான் ஒரு பேரை அழித்தாள். "காலி சார், ஊதலாம்" என்றாள். அந்தப் பேர் கலைவாணன், அவள் புருஷன். அவன் ஏறி வரவேயில்லை. லாகின் பண்ணாமல் இறங்கிவிட்டான் என்று பழியை அவன் தலையிலேயே போட்டார்கள். பேரை அழித்தது தான்தான் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஏசி இரைச்சலுக்கு அடியில், புதுசாக வெள்ளையடித்த சுவர் மாதிரி ஈரச் சுண்ணாம்பு வாடை ஒன்று கதவிடுக்கு வழியாக மெல்ல ஏறி வந்து துப்பட்டாவில், டீ கிளாசில், நாக்கில்கூட ஒட்டிக்கொண்டபோது பட்டியலில் ஒரு பேர் வந்தது.

கலைவாணன். பழைய குழி.

அழித்தாள். வந்தது. மூன்றாவது ஐபியை மூடினாள். மறுபடி வந்தது.

போன் அடித்தது. வெடிக்குப் பொறுப்பான செல்லதுரை சார்.

"என்னம்மா, ஊதிடலாமா?"

இந்தத் தடவை காலி என்று சொல்ல வாய் வரவில்லை. "வேணாம் சார். உள்ள ஆளு இருக்கு."

"ஆமா, எனக்கும் காட்டுது. உன் பேருதான். பழைய குழின்னு போட்டிருக்கு." சிரித்தார். "ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவ குழியில எப்படிம்மா இருப்ப? ஒட்டிக்கிட்டு நிக்குது. நானே அழிச்சிட்டேன், போ."

"ஐயோ சார், அழிக்காதீங்க..."

லைன் கட்டாகிவிட்டது.

முதல் சங்கு.

எழுந்தாள். செருப்பு நனைந்தது. தரையெல்லாம் வெள்ளைத் தண்ணீர்.

இரண்டாவது சங்கு.

கதவைத் திறந்தாள். வராண்டா இல்லை. வெள்ளைப் பாறை. அதில் வரிசையாக வெடித் துளைகள். ஒவ்வொரு துளையிலும் வயர். பாறையோரம் கலைவாணன் தலை குனிந்து, டேப்லெட்டில் லாகவுட்டை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது சங்கு ஊதியது.