வெறும் சத்தம்

கதவே இல்லாத இடத்திலிருந்து கதவு தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

மருந்துக்கடை அக்கா பாய் விரிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். கடைக்குப் பின்னால் இருக்கும் இந்த அறையில்தான் வாரம் ஒருமுறை, சாயங்காலம், அவள் தியான வகுப்பு நடத்துகிறாள். நேர் கீழே, நிலத்துக்கு அடியில், ஒரு காலத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த கிடங்கு. அதற்கு ஓர் இரும்புக் கதவு இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவளே ஆள் வைத்துக் கதவைப் பெயர்த்து, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். ஆனாலும் இப்போது கேட்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரும்பின்மேல் கை விழும் சத்தம். டொக், டொக். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி ஒரு டொக். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த பாயை உதறினாள்.

அக்காவுக்கு ஞானக்கண் திறந்துவிட்டது என்று தெருவே நம்பியது. தலைவலி மாத்திரை வாங்க வந்தவரிடம், "வீட்ல சண்டையா?" என்று கேட்டே அவள் அந்தப் பெயரை வாங்கிவிட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாத்திரை கேட்பவனுக்கு வீட்டில் சண்டை என்று சொல்ல ஞானக்கண் எதற்கு? ஆனால் அவள் மறுக்கவில்லை. புத்தர் காட்டிய வழியில் ஆழமாக உட்கார்ந்தவர்களுக்குக் கைகூடும் சித்திகளைப் பற்றி வகுப்பில் வாய் இனிக்கச் சொல்வாள். சுவரை ஊடுருவிப் போகலாம். தண்ணீரில் முங்குவது போலத் தரைக்குள் முங்கி எழலாம். எட்டாத ஒலியைக் கேட்கலாம். அடுத்தவர் மனதில் ஓடுவதை அறியலாம். "இல்லாத சித்தியை இருக்குன்னு சொல்றதைவிடப் பெரிய பொய் நம்ம வழியில கிடையாதும்மா" என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்த பிக்கு எச்சரித்ததை மட்டும் சொல்லமாட்டாள்.

செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. தையல்கடைக்காரி, எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். அப்பா இறந்துபோன பிறகு இன்றைக்குத்தான் முதல்முறை வருகிறாள்.

அவளுடைய அப்பாவுக்கு ஞாபகம் பிசகிப்போயிருந்தது. ஒருநாள் மகள் தையல் இயந்திரத்தில் குனிந்திருந்த நேரத்தில் கடையிலிருந்து இறங்கி நடந்தவரைக் காணவில்லை. அழுதுகொண்டு ஓடிவந்து, "எங்க இருக்கார்னு பார்த்துச் சொல்லுங்கக்கா" என்று அவள் கையைப் பிடித்தபோது, தெரியாது என்ற ஒரு வார்த்தை அக்காவின் வாயில் வரவில்லை. கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் வழக்கமான இருட்டுதான் இருந்தது. "தண்ணிக்குப் பக்கத்துல, மர நிழல்ல உட்கார்ந்திருக்கார்" என்றாள். எல்லோரும் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்கு ஓடினார்கள்.

அந்த வார வகுப்பில்தான் தரைக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. எல்லோருக்கும் கேட்டது. ரிட்டயரான பேங்க்காரர் கண்ணைத் திறந்துகூடப் பார்த்தார். தியானம் குலைகிறதே என்று அக்காவுக்கு எரிச்சல். கண்ணைத் திறக்காமலே, பாடம் சொல்லும் குரலில் சொன்னாள்:

"வெறும் சத்தம்தான். யாரு, எங்கேன்னு மனசு பின்னாடி ஓட வேண்டாம். 'கேட்கிறது, கேட்கிறது'ன்னு உள்ளுக்குள்ள சொல்லிட்டு மூச்சுக்கு வாங்க."

எல்லோரும் மூச்சுக்கு வந்தார்கள். அப்பாவைத் தேடி அலைந்து இருமலோடு வந்து உட்கார்ந்திருந்த தையல்கடைக்காரியும் வந்தாள். அன்றைக்குப் போல ஆழமாக என்றைக்குமே உட்கார்ந்ததில்லை என்று போகும்போது பேங்க்காரர் பாராட்டிவிட்டுப் போனார்.

நாற்றம் வந்த பிறகுதான் கிடங்கைத் திறந்தார்கள். கிழவர் உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டிருக்கும் என்றது போலீஸ். அக்கா தலையாட்டினாள். காலி அட்டைகளைத் தெருவுக்குத் தூக்கிப்போய்ப் போட்டுவிட்டு வந்து, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கதவை இழுத்துப் பூட்டியது அவள்தான். அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

"அக்கா." தையல்கடைக்காரி எதிரே வந்து உட்கார்ந்தாள். விரல்நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். ஏரிக்கரைன்னு சொன்னது தப்பாப் போச்சுன்னு உங்கமேல எனக்குக் கோபம் இல்ல. அப்பா கடைசி நேரத்துல கஷ்டப்பட்டாரா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. தூக்கமே வர மாட்டேங்குதுக்கா."

சொல்லிவிடலாம். இப்போதே, மற்றவர்கள் வருவதற்குள். எனக்கு எதுவும் தெரியாதும்மா, எப்போதுமே தெரிந்ததில்லை, பூட்டினது நான்தான். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அக்கா கண்ணை மூடினாள்.

"கஷ்டப்படலம்மா. தூங்குற மாதிரி போயிட்டார்."

கீழே தட்டுவது நின்றுவிட்டது.

தையல்கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பாய்க்குப் போனாள். மற்றவர்கள் வந்தார்கள், விளக்கைக் குறைத்தார்கள், கண்களை மூடினார்கள். அறையில் ஊதுபத்தி வாசனையும், கடைப்பக்கமிருந்து வரும் மருந்து நெடியும், மின்விசிறி சுற்றும்போதெல்லாம் எழும் ஒரு சின்ன முனகலும், பேங்க்காரரின் மூக்கடைத்த மூச்சும் கலந்து மெல்லத் தணிந்துகொண்டே போக, அக்காவின் மனம் வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் கேட்காமலே, ஒரு புள்ளியில் குவிந்து அசையாமல் நின்றது. உடம்பு லேசாயிற்று. பிறகு முழங்கால் ஈரமாயிற்று.

தரை இளகிக்கொண்டிருந்தது.

குளத்துப் படியில் கால் வைத்தது போல முழங்கால் சிமெண்டுக்குள் இறங்கியது. பிறகு இடுப்பு. கத்த வாயைத் திறந்தாள். வாய்க்குள் மண்வாசனை. தலைக்கு மேல் தரை மூடிக்கொண்டது.

இருட்டு. பூஞ்சணம் பிடித்த அட்டை. மூத்திர நாற்றம். கையை நீட்டினாள். இரும்பு. சில்லென்ற, துருப்பிடித்த, பூட்டிய கதவு.

தட்டினாள். உள்ளங்கையால். முட்டியால். குரல் எழவில்லை. தொண்டை வறண்டு, பல நாள் தண்ணீர் காணாதது போல ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஏதோ நகர்ந்தது. ஒரு கிழட்டுக் கை, தோல் உரிந்து பிசுபிசுத்தது, அவள் கையின்மேல் வந்து படிந்தது.

"தட்டும்மா," என்றது, ஆசையாக. "மேல ஆளுங்க இருக்காங்க. என் பொண்ணு இருமுறது கேட்டுது. தட்டு."

இரண்டு கைகளும் சேர்ந்து தட்டின. டொக். டொக்.

மேலே ஒரு பாய் சரசரத்தது. யாரோ கண்ணைத் திறந்துவிட்டார்கள். அக்கா உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இன்னொருமுறை தட்டினாள்.

அப்போது மேலேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. கனிவான, பாடம் சொல்லும் குரல். அவளுடைய சொந்தக் குரல்.

"வெறும் சத்தம்தான்."

அதன்பிறகு எல்லாமே கேட்டது. மேலே மூடிய கண்களுக்குள் ஒவ்வொரு மனமும் சொல்லிக்கொள்வது கேட்டது. எல்லாவற்றிலும் தெளிவாக, நேர் தலைக்கு மேலே, தையல்கடைக்காரியின் மனம்.

கேட்கிறது. கேட்கிறது.

பிறகு ஒவ்வொருவராக மூச்சுக்குத் திரும்பினார்கள்.