முன்னுணரிக்குத் தெரியாத திருத்தம்

பச்சை எரிந்தால் வேலை இல்லை, சிவப்பு எரிந்தால் உண்டு. பதிப்பாசிரியர் வேலைக்கான நேர்காணல் இப்போதெல்லாம் அவ்வளவுதான்.

வருகிறவரின் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, முன்னுணரி என்ற எந்திரத்தின் திரைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். அவர் எந்தச் சொல்லை வெட்டப்போகிறார், எதை மாற்றப்போகிறார் என்று ஊகித்து, கை எழும் முன்பே எந்திரம் அதைச் செய்துவிடும். ஊகம் தப்பினால்தான் சிவப்பு. அப்படியென்றால் ஆளுக்கு எந்திரத்தைவிட ஏதோ கூடுதலாகத் தெரிகிறது, சம்பளம் கொடுக்கலாம்.

செந்நடைப் பதிப்பகத்தின் வரவேற்பறையில் தணிகாசலத்தின் கைபேசி அதிர்ந்தது. மனைவியின் அண்ணன்.

"மாப்ளே, இன்னைக்கும் ஊத்திக்கிச்சுன்னா நாளைக்கே கடைக்கு வந்துடுங்க. டைல்ஸுல எழுத்துப்பிழையே இருக்காது."

பக்கத்து நாற்காலிப் பர்வீன் சிரித்தாள். "நீங்களும் பழைய ஆளாண்ணா? நான் ஆறாவது தடவை வர்றேன். வாட்ச்மேன் பொங்கலுக்கு வாழ்த்தே சொல்றாரு."

தணிகாசலத்தை உள்ளே அழைத்தார்கள். குளிரூட்டிய அறையிலும் பொன்னாடையைக் கழற்றாத தலைமைப் பதிப்பாசிரியர் வேதமாணிக்கம் தொண்டையைச் செருமினார். "செம்மையாக்கம் என்பது ஒரு வேள்வி..." மீதி வாக்கியத்தைத் திரை எழுதி முடித்து, பிறகு அதை வெட்டியும்விட்டது. அவர் அதைப் பார்க்காததுபோல் இருந்தார்.

திரையில் வந்த புத்தகப் பக்கத்தில் தணிகாசலம் ஒரு 'மகத்தான'வை வெட்டக் குறிவைத்தார். அது ஏற்கெனவே மங்கியிருந்தது. பச்சை. இரண்டு பத்திகளை இடம் மாற்ற நினைத்தார். அவை மாறியிருந்தன. பச்சை.

"ஐயா, இதெல்லாம் போன நேர்காணல்ல நான் பண்ணதுங்க!"

"அதைத்தான் சொல்றேன் தம்பி. உங்களுக்கு இங்க வேலை எப்பவோ கிடைச்சாச்சு. நாற்காலிதான் இல்லை."

தணிகாசலத்தின் கண்முன் டைல்ஸ் கடை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, மிக மோசமான வாக்கியம் ஒன்றைத் தொடாமல் விட்டார். பச்சை.

"அந்தத் தந்திரத்தை ஒரு அம்மா போன வாரமே செஞ்சுட்டாங்க" என்றார் வேதமாணிக்கம்.

பக்கத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'மழை நின்ற பிறகும் அவள் குடையை மடக்கவில்லை.' அந்தப் பக்கத்திலேயே உயிருள்ள வரி அது ஒன்றுதான். எந்தப் பதிப்பாசிரியனும் அதில் கை வைக்கமாட்டான்.

தணிகாசலம் அதை வெட்டினார்.

அறையே சிவந்தது. வேதமாணிக்கம் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். "துணிச்சல் தம்பி, துணிச்சல்! சேர்ந்துட்டீங்க. டீ வர்றதுக்குள்ள அடுத்த பக்கத்தையும் ஒரு கை பார்த்துடுங்க."

அடுத்த பக்கத்திலும் நல்ல வரி ஒன்று இருந்தது. தணிகாசலம் பேனாவைத் தூக்கினார். அந்த வரி அதற்குள் மங்கிப்போயிருந்தது.

பச்சை.

"கத்துக்கிச்சு" என்றார் வேதமாணிக்கம், பொன்னாடையைச் சரிசெய்துகொண்டே. "பரவாயில்லை, அடுத்த மாசம் வாங்க. புதுசா ஏதாவது கொண்டுவாங்க."

டீ வந்தது. அதை அடுத்து உள்ளே வந்த பர்வீனுக்குக் கொடுத்தார்கள்.

தணிகாசலம் வெளியே வந்து கைபேசியைக் கையில் எடுத்தபோது, கதவிடுக்கு வழியாகப் பர்வீனின் குரல் கேட்டது.

"ஐயோ, அந்தக் குடையை ஏன் அழிக்குது? நான் தொடவே இல்லையே! எந்தப் பாவி இதுக்குக் கத்துக்குடுத்தான்?"

"நம்ம பதிப்பாசிரியர் ஒருத்தர்தாம்மா" என்றார் வேதமாணிக்கம். "இனிமே நம்ம எல்லாப் புத்தகத்துக்கும் அதுதான் நடை."

தணிகாசலம் மைத்துனரின் எண்ணை அழுத்தினார்.