சோணையின் போனைத் துடைத்தவள்

கீபோர்டின் மேல் வந்து விழுந்தது ஒரு கட்டைவிரல்.

மனிதக் கட்டைவிரல்...

பால் பாக்கெட் கவரில் சுற்றியிருந்தது. கவர் விலகி, விரல் உருண்டு ஸ்பேஸ் பார் மேல் போய் நின்றது. முத்துப்பிரியா பாதி அடித்து வைத்திருந்த மெயிலில் கர்சர் தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது.

அவள் அலற வாயைத் திறந்தாள்.

"கத்தாத ஆத்தா. ஒரு சின்ன சோலி. வெரசா முடிச்சுக் குடு, நான் பாட்டுக்குப் போயிர்றேன்," என்றான் சிவக்குமார்.

சிவக்குமாரைப் போடியில் தெரியாதவர்கள் குறைவு. விடிகாலையில் ஏலக்காய் எஸ்டேட் ஆட்களை ஜீப்பில் அள்ளிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறுவான். சாயங்காலம் பத்திரமாக இறக்கிவிடுவான். தங்கமான பையன் என்று ஊரே சொல்லும். தங்கமான பையனின் வெள்ளைச் சட்டை இப்போது முழங்கை வரை சிவந்திருந்தது. வலது கையில் செடி நறுக்கும் கவாத்துக் கத்தி. இடது கையில் ஒரு செல்போன்.

முத்துப்பிரியா போனைப் பார்த்தாள்.

பின்பக்கம் பச்சை உறை. அவளே மாட்டிக் கொடுத்தது. சோணையின் போன்! அப்படியானால் கீபோர்டில் கிடப்பது சோணையின் விரல். அப்படியானால் மீதிச் சோணை...?

"சோணை அண்ணன் எங்கண்ணே?"

"கொண்டை ஊசி வளைவுக்குக் கீழ கெடக்கான். மழை விட்டாத்தான் யாரு கண்ணுலயும் படுவான்."

காய்கறி விலை சொல்வது மாதிரி சொன்னான்.

முத்துப்பிரியாவுக்குப் பெங்களூர் கம்பெனியில் வேலை. வேலை பார்ப்பது போடியில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில். கம்பெனிக்காரனின் சாஃப்ட்வேர் கோளாறுகளைச் சரிசெய்யச் சம்பளம். தெருவில் உள்ளவர்களின் கோளாறுகளைச் சரிசெய்ய முறுக்கும் அதிரசமும். டிவியில் நெட் வரவில்லை என்றால் அவள்தான். பாட்டி போனில் எழுத்து சின்னதாகிவிட்டது என்றாலும் அவள்தான். முதலில் அணைத்துப் போடுங்கள் என்பாள். நாலு கேமரா இருக்கிறது என்று போன் வாங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. தெருவோரத்தில் சார்ஜர் வாங்குகிறவர்களை அடிக்கவே போவாள்.

சோணையை மட்டும் திட்டியதில்லை. எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காயை உலர வைக்கிற ஆள். மலையில் நெட் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் கீழே வந்து அவள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வார். போன் தானாகவே வைஃபையில் ஒட்டிக்கொள்ளும். மகள் அனுப்பிய பேரன் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

அந்த மனுஷனின் விரல்தான் இப்போது கீபோர்டில்.

"என்ன செய்யணும்?" என்றாள்.

"தொறக்கணும். விரல் வச்சா தொறக்கும்னாய்ங்க. வச்சு வச்சுப் பாத்துட்டேன். சனியன் தொறக்க மாட்டேங்குது."

செல்போன் கடைக்குப் போக அவனுக்கு வழியில்லை. கடைக்குக் கடை கேமரா. இங்கே கேமரா கிடையாது. அவள் அம்மா தேவாரம் ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். காலையில் பஸ் ஏற்றிவிட்டவனே அவன்தான்!

வந்ததும் முதல் வேலையாக அவளுடைய போனைப் பிடுங்கித் தண்ணீர் வாளிக்குள் போட்டிருந்தான். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று விளம்பரம் செய்த மாடல். ஒரு நிமிடம் கூடத் தாங்கவில்லை.

"உசுரு போன விரலை இது எடுக்காதுண்ணே," என்றாள்.

"சினிமால எடுக்குதே?"

"சினிமால எடுக்கும். உசுரோட இருந்தப்பவே அவரு விரலை இது எடுத்ததில்ல. ஸ்டோருக்கு வர்றதுக்கு முன்னாடி வருசக்கணக்கா ஏலக்காய் பறிச்ச கை. ரேகையெல்லாம் தேஞ்சு, காய்க் கறை ஏறிப் போச்சு. ரேஷன் கடை மிஷின்லயே விழாது. அதனால நம்பர்தான் போட்டு வச்சிருந்தாரு."

சிவக்குமார் கட்டைவிரலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ரேஷன் கடை வாசலில் தன் ஜீப்பு ஆட்கள் விரலை எண்ணெயில் துடைத்துத் துடைத்து அழுத்துவதை எத்தனையோ தடவை பார்த்தவன்தான். கத்தி பிடித்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"சே... வீணா வெட்டிட்டேனே," என்றான். அந்த வருத்தம் உண்மையானது.

நம்பர் என்ன என்று கேட்டான். தெரியாது என்றாள். கத்தி அவள் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. சில்லென்று இருந்தது. ஒரு கோடு கிழித்தது. சட்டைக் காலருக்குள் சூடாக ஏதோ இறங்கியது. சத்தியமாகத் தெரியாது என்று அழுதாள். அந்த அழுகையை அவன் நம்பினான்.

"அப்ப உள்ள இருக்கிறதை அழிச்சுக் குடு. தொறக்கலேன்னாலும் பரவால்ல. உள்ள ஒரு வீடியோ இருக்கு. அது இருக்கக் கூடாது."

"என்ன வீடியோண்ணே?"

சொன்னான். இவள் எப்படியும் உயிரோடு இருக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னான்.

எஸ்டேட் ஸ்டோரிலிருந்து உலர்ந்த ஏலக்காயை மூட்டை மூட்டையாக ஜீப்பில் ஏற்றிக் கடத்திக்கொண்டிருந்தான். வாட்ச்மேன் ராக்கையா இந்தத் திங்கட்கிழமை கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். ஸ்டோரில் காய் உலர்த்தும் விறகடுப்பு அப்போது கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ராக்கையாவின் பிடரியைப் பிடித்துத் தலையை அதற்குள் திணித்தான். கால்கள் உதறி அடங்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றான். கிழவன் குடித்துவிட்டு அடுப்பில் விழுந்தான் என்று ஊர் நம்பியது. போலீசும் நம்பியது. ஜன்னல் வழியாகப் படம் பிடித்த சோணைக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. இன்று காலை மலையிலிருந்து இறங்கிய ஜீப்பில் தனி ஆளாக உட்கார்ந்திருந்தவர், மனசு கேட்கவில்லை, ஸ்டேஷனுக்குப் போகப் போகிறேன் என்று சிவக்குமாரிடமே சொல்லிவிட்டார்.

"எங்கிட்டச் சொல்லாமப் போயிருக்கலாம். நல்ல மனுசன், வெள்ளந்தி," என்றான் சிவக்குமார்.

முத்துப்பிரியாவுக்கு இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது.

போனைத் துடைத்தால் ராக்கையா கொலைக்கு இருக்கும் ஒரே சாட்சி போய்விடும். துடைத்து முடித்ததும் அவளும் போய்விடுவாள். துடைக்க மாட்டேன் என்றால், அவள் இப்போதே போய்விடுவாள்.

யோசி... யோசி!

"துடைச்சிரலாம். ஆனா துடைச்ச பெறவு பழைய ஜிமெயில் ஐடியைக் கேக்கும். அது இல்லாட்டி போன் அப்படியே பூட்டிக்கிரும். போலீசு கம்பெனிக்காரனைப் புடிச்சுக் கேட்டா மாட்டிக்கிருவீக. சோணை அண்ணன் ஐடி தெரியுமா?"

சிவக்குமார் முதன்முறையாகச் சிரித்தான்.

"அவனுக்கேது ஐடி? நம்ம ஜீப்புல ஏறுற அத்தனை பேரு போன்லயும் நான் போட்டுக் குடுத்த என் ஐடிதான். ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா எவன் போடுறது? பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்."

முத்துப்பிரியா சட்டென்று முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "ஆனா சார்ஜ் பத்தாது. நடுவுல அணைஞ்சா போன் செத்துரும், உள்ள இருக்கிறது அப்படியே தங்கிரும். கொஞ்சம் ஏறட்டும்."

சோணையின் போனைச் சார்ஜரில் மாட்டினாள். லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். அதில் சில எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அது என்ன என்று கேட்டான். சார்ஜ் ஏறுவதைக் காட்டுகிறது என்றாள். பச்சைப் பொய். அவனுக்கு ஜீப்பு எஞ்சின் தெரியும், இது தெரியாது.

எண்கள் ஏறின. வெளியே குரங்கணி மலைப்பக்கம் இடி உருண்டது. கத்தி முனை அவள் தோளில் பொறுமையில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தது. சார்ஜ் துளையில் அழுக்கு என்று சொல்லி, ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னை எடுத்து பிளக்கில் சொருகினாள். பழைய ரேடியோக்களை நோண்டுவதற்காக வாங்கி வைத்திருந்தது. அவன் கண்டுகொள்ளவில்லை. டெக்னீஷியன் மேஜையில் எது இருந்தாலும் ஜனங்கள் கேள்வி கேட்பதில்லை.

எண்கள் நின்றன.

முத்துப்பிரியா மூச்சை விட்டாள்.

"சரிண்ணே. துடைச்சிரலாம்."

துடைத்தாள். அவன் கண் முன்னாலேயே! இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அழித்தாள். பேரன் படங்களும் போயின. அதற்காக மட்டும் மனசுக்குள் சோணையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். போன் புதுசு போல விழித்தது. ஐடி கேட்டது. சிவக்குமாரே குனிந்து, ரத்தம் காய்ந்த விரலால் தன் பாஸ்வேர்டை அடித்தான். கேலரியைத் திறந்து காட்டினாள். வெறுமை.

"கெட்டிக்காரி ஆத்தா நீ," என்றான். நிஜமாகவே பாராட்டினான்.

பிறகு கத்தியை ஓங்கினான்.

அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். பழுத்துக் கிடந்த சால்டரிங் அயர்ன் அவன் கன்னத்தில் இறங்கியது. சதை பொசுங்கும் நாற்றம். சிவக்குமார் ஊளையிட்டான். கண்ணை மூடிக்கொண்டே வீசிய வெட்டு அவள் இடது முழங்கையைப் பிளந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததை அவளே பார்த்தாள். வலி வருவதற்குள் மேஜைக்கடியிலிருந்து யூபிஎஸ்ஸை ஒற்றைக் கையால் இழுத்து அவன் முழங்காலில் போட்டாள். உள்ளே இருந்த பேட்டரியின் கனம் முழுக்க அவன் முழங்கால் சில்லில் இறங்கியது. சில் நொறுங்கும் சத்தம் கேட்டது.

அப்படியும் எழுந்தான். நொண்டிக்கொண்டே வாசல் வரை துரத்தினான். அவள் தலைமுடியைப் பிடித்தான். முடி கையோடு வந்தாலும் சரி என்று அவள் குனிந்து, உடைந்த முழங்காலில் ஓங்கி ஓர் உதை விட்டாள்.

சிவக்குமார் மாடிப்படியில் உருண்டான். மேல் படியிலிருந்து கீழ்ப்படி வரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கீழே விழுந்தபோது கவாத்துக் கத்தி அவன் தொடையிலேயே ஏறியிருந்தது.

கீழ் வீட்டு மருதாயி எட்டிப் பார்த்தாள். மாடியில் ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கும் பெண்ணைப் பார்த்தாள். கீழே கிடப்பவனைப் பார்த்தாள். அம்மிக் குழவியை எடுத்து வந்து, எழ முயன்றவன் மண்டையில் ஒரு போடு போட்டாள்.

*

அரசு ஆஸ்பத்திரியில் முத்துப்பிரியாவின் கையில் தையல் போட்டு முடித்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் சிவக்குமார், கையில் விலங்கு, தலையில் கட்டு. மயக்கம் தெளிந்திருந்தான். கன்னம் வெந்திருந்தாலும் வாய் நன்றாகவே வேலை செய்தது.

ஜீப்பில் தகராறு வந்ததாம். சோணைதான் முதலில் கத்தியை எடுத்தாராம். இவன் தற்காப்புக்காகத்தான் செய்தானாம். ராக்கையாவா? அது யார் செய்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வீடியோவா? எந்த வீடியோ?

இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வி முத்துப்பிரியா பக்கம் திரும்பினார். கையில் சோணையின் போன், பிளாஸ்டிக் கவருக்குள்.

"படிச்ச பொண்ணுதான நீ? இருந்த ஒரே சாட்சியை உன் கையாலயே அழிச்சிருக்க. இனி இவன் சொல்றதுதான் கதை. என்னத்தம்மா செஞ்சு வச்சிருக்க?"

சிவக்குமார் வெந்த கன்னத்தோடு இளித்தான்.

"அழிச்சது அந்தப் போன்லதான் மேடம். அவரு போனை எடுங்க," என்றாள் முத்துப்பிரியா.

"எவரு போனு?"

"சிவா அண்ணன் போனு."

சிவக்குமாரின் இளிப்பு பாதியில் நின்றது.

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்த போன் மேஜையில்தான் இருந்தது. பூட்டுக்கூடப் போட்டிருக்கவில்லை. படங்களைச் சேமிக்கும் ஆப்பைத் திறக்கச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் திறந்தார். யார் யார் வீட்டுக் குழந்தைகளோ, ஆடுகளோ, கல்யாண விருந்துகளோ வந்தன. ஜீப்பில் ஏறுகிற அத்தனை பேருடைய வாழ்க்கையும் அதில் கிடந்தது. சோணையின் பேரனும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வீடியோ. இன்று மத்தியானம் வந்து சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் தொட்டார். விறகடுப்பு எரிந்தது. ராக்கையாவின் கால்கள் உதறின. சிவக்குமாரின் முகம், நெருப்பு வெளிச்சத்தில், பளிச்சென்று தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பாதியிலேயே நிறுத்தினார்.

"இது எப்படி இவன் போன்ல?"

"எல்லா போன்லயும் ஒரே ஐடி மேடம். ஒருத்தர் படம் எடுத்தா அது அந்த ஐடியில போய்ச் சேந்துரும். மலையில நெட் இல்ல, அவரு கீழ வர்ற ஞாயித்துக்கிழமையும் இன்னும் வரல, அதனால வீடியோ சோணை அண்ணன் போன்லயே தங்கியிருந்துச்சு. இவரு அதை எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்த உடனே வைஃபையில ஒட்டிக்கிருச்சு. லேப்டாப்புல நான் சார்ஜ்னு சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தது வைஃபை பெட்டியோட கணக்கு, இது முழுசா ஏறி முடியுதான்னுதான். ஏறுன பெறவு அந்தப் போனைத் துடைச்சா என்ன, ஒடைச்சா என்ன?"

சிவக்குமார் விலங்கை இழுத்து எழப் பார்த்தான். கான்ஸ்டபிள் உடைந்த முழங்காலில் ஒரு விரலை வைத்தார். மறுபடி படுத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் திரையை இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனார். முடிவே இல்லாமல் படங்கள் வந்தன.

"இத்தனை பேரு படமும் ஓசியிலயா ஏறுது?"

"ஓசியில கொடுக்கிற எடம் எப்பவோ நெறைஞ்சு போச்சு மேடம். மாசாமாசம் பணம் கட்டி எடம் வாங்கியிருக்காரு. கட்டாம விட்டிருந்தா இந்த வீடியோ ஏறியே இருக்காது."

இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வி கட்டிலுக்கு அருகே குனிந்து சிவக்குமாரின் போர்வையை அக்கறையாக இழுத்துவிட்டார்.

"சாட்சியைக் கலைக்கிறவனைப் பாத்திருக்கேன், வெலைக்கு வாங்குறவனைப் பாத்திருக்கேன். சாட்சிக்கு மாசாமாசம் வாடகை கட்டித் தங்க வச்ச மொத ஆளு நீதான்டா தம்பி!"