ஸ்டான் ஃபிலிபெக்கின் கடைசி எஞ்சின்

அக்டோபர் 10, 1998. சனிக்கிழமை. மாலை 6:10.

ரெனாட்டா ஃபிலிபெக் தன் அப்பாவின் கராஜின் பக்கக் கதவைத் தன்னிடமிருந்த சாவியால் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. உள்ளே 1970 செவெல் கார் ஆளில்லாமல் மெதுவாக ஓடி இருமிக்கொண்டிருந்தது. பெரிய ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. புகையை வெளியே கொண்டுபோகும் குழாய், காரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் அப்பா கிடந்தார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். ஷட்டரின் பூட்டைத் திறந்து மேலே தள்ளினாள். அவரை இழுத்துக்கொண்டுபோய் வெளியே புல்லில் போட்டாள். ஆம்புலன்ஸில் வந்தவர் நாடியைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ஃபிளின்ட் நகரைச் சுற்றி ஐம்பது மைலுக்கு ஸ்டான் ஃபிலிபெக்கைத் தெரியாதவனுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். நாற்பத்தோரு வருடம் எஞ்சின் கட்டியவர். ஸ்டான் கட்டிய எஞ்சின் இருமாது என்பது எங்கள் ஊரில் பழமொழி மாதிரி. எங்கள் பந்தயத் திடலில் பாதி சாதனைகள் அவர் கையால் வந்தவை. மீதிப் பாதி அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற பொறாமையால் வந்தவை.

துப்பறியும் அதிகாரி கேரி வேண்டன்பர்க் கெட்டவர் இல்லை; அவசரக்காரர். ஸ்டானுக்கு வயது அறுபத்தேழு. மனைவி போன வருடம் இறந்துவிட்டாள். பூட்டிய கராஜ், ஓடும் கார். பின்தலையில் ஒரு காயம், விழுந்தபோது பட்டிருக்கும். பக்கக் கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். அன்று காலை மகளோடு சண்டை வேறு. அதை அந்த மகளே அழுதுகொண்டு சொன்னாள். தற்கொலை என்று எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அறிக்கையில் கையெழுத்து. இரண்டு மணிக்குத் தகனம். சனிக்கிழமை திடலில் நினைவு நாள்.

வியாழன். மாலை 4:00.

ரெனாட்டா ஐந்து நாளாகத் தூங்கவில்லை. திடலில் பந்தயக் கார்களை நிறுத்துப் பார்க்கும் எடைக் கொட்டகைக்கு வந்து ஓடெல் பெட்வே முன்னால் நின்றாள். ஓடெலுக்கு எழுபத்தொரு வயது. எஞ்சின் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் தரம் பார்த்தவர். இப்போது பந்தயக் கார்களைப் பிரித்துப் பார்த்துத் திருட்டு வேலையைக் கண்டுபிடிப்பவர். அவரை ஏமாற்றிய எஞ்சின் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

"மிஸ்டர் பெட்வே, எங்கப்பாவ நான்தான் கொன்னுட்டேனா?"

ஆறுதலுக்காகப் பொய் சொல்வது ஓடெலுக்கு வராது. "உக்காரும்மா. அன்னிக்குக் காலைல என்ன சொன்ன அவர்கிட்ட?"

"அம்மா சாகும்போது நீங்க ஆஸ்பத்திரில இல்ல, எஞ்சின் பக்கத்துலதான் இருந்தீங்கன்னு சொன்னேன். அதோட விட்டிருக்கலாம். நீங்களும் எஞ்சின் பக்கத்துலயே சாவீங்கன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு மணிக்குப் போன் பண்ணாரு. அஞ்சு மணிக்கு வா ரீனா, புது எஞ்சின ஸ்டார்ட் பண்றேன்னாரு. பாக்கலாம்னு சொல்லி வெச்சுட்டேன். வேணும்னேதான் லேட்டாப் போனேன்." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு மத்தியானம் கையெழுத்துப் போடறாங்க. அதுக்கப்பறம் எரிச்சுடுவாங்க. அவர் தானாதான் செஞ்சாருன்னா அதயாவது உறுதியாச் சொல்லுங்க. தெரியாம என்னால உயிரோட இருக்க முடியல."

ஓடெல் மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மாலை 5:20.

கராஜ் சாவியைப் போலீஸ் சனிக்கிழமை இரவே அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தது. அதன் பிறகு யாரும் உள்ளே போகவில்லை. ஓடெல் எதையும் தொடாமல் ஒரு சுற்று நடந்தார்.

வேலை மேசையில் நீளமான அட்டைப்பெட்டி ஒன்று, மூடி திறந்து, காலியாக இருந்தது. மேலே ஒட்டிய சீட்டில், சனிக்கிழமை மதியம் 1:10க்கு வந்து சேர்ந்தது என்று குறித்திருந்தது. 'ரோலர் கேம்ஷாஃப்ட்' என்று பெட்டியில் பெரிய எழுத்து. எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது. பழைய கார்களில் தட்டையான ரகம், புதியவற்றில் உருளை வைத்த ரகம். பெட்டிக்குப் பக்கத்தில் காதை மூடும் கவசங்கள் இரண்டு ஜோடி வரிசையாக இருந்தன. ஒன்று பெரியது, கறுப்பு. இன்னொன்று சின்னது, சிவப்பு.

"இந்தச் சின்னது யாரோடது?"

"என்னோடது. பத்து வயசுல போட்டது. எந்தப் பெட்டிலேந்து எடுத்தாருன்னு தெரியல. புது எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்போது நான்தான் வாட்ச் புடிச்சுட்டு என் ஸ்டூல் மேல நிப்பேன். இருபது நிமிஷம். காது கிழிஞ்சுடும்."

ஓடெல் அலமாரிப் பக்கம் போனார். கீழ்த்தட்டில் ஒரு சிதறிய எஞ்சினின் பாகங்கள் இருந்தன. ஜூலையில் திடலில் வெடித்து கோரி லண்ட்கிரென் என்ற இளைஞனைக் கொன்ற எஞ்சின் அது. கட்டியவர் டக் ஹெண்டர்ஷாட். ஏன் வெடித்தது என்று பார்த்துச் சொல்லும்படி கோரியின் தாயார் ஸ்டானிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். போன வெள்ளிக்கிழமை ஸ்டான் ஓடெலுக்குப் போன் செய்து, "உன் பூதக்கண்ணாடிய எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வா, ஒரு ராட் காட்டணும்" என்று சொல்லியிருந்தார். பிஸ்டனைப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டுதான் ராட். எட்டு சிலிண்டருக்கு எட்டு. ஓடெல் எண்ணினார். மறுபடி எண்ணினார். ஏழுதான் இருந்தது.

உயரமான பீரோவைத் திறந்தார். ஒரு புத்தம்புது கேம்ஷாஃப்ட் ஆணியில் செங்குத்தாகத் தொங்கியது. படுக்கவைத்தால் வளைந்துவிடும் என்று ஸ்டான் எந்த கேமையும் படுக்கவைக்க மாட்டார். அவர் கராஜுக்கு அடிக்கடி வருகிறவர்களுக்கே தெரியாத பழக்கம்; ஓடெலுக்குத் தெரியும்.

கடைசியாக செவெல் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். "பிளக் ஒயர எடுத்துட்டேன். சாவியத் திருப்பு." எஞ்சின் வெறுமனே சுழன்றது. பதினாறு வால்வுகளில் ஆறு ஏழு சரியாக எழும்பவே இல்லை.

"நீ வந்தப்ப எஞ்சின் எப்படி ஓடிட்டு இருந்தது?"

"மெதுவா. சிக்னல்ல நிக்கற கார் மாதிரி ஐட்லிங்ல. இருமிக்கிட்டு."

ஓடெல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னன்னு சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன். இன்னிக்குச் சொன்னா நீ போய் யாரையாவது அடிப்ப."

வெள்ளி. காலை 8:30.

லென்னி சோப்சாக் இருபத்தாறு வருடம் ஸ்டானோடு வேலை செய்தவன். ஹோட்டலில் தட்டில் வைத்த கோனி ஹாட்டாக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"சனிக்கிழமை எப்பக் கெளம்பின, லென்னி?"

"ரெண்டு மணிக்கு. மச்சினி பொண்ணு கல்யாணம். சர்ச்சுல நானூறு பேர் என்னப் பாத்தாங்க, போதுமா?"

"கோவிச்சுக்காத. அந்தப் பெட்டி?"

"தப்பான கேம அனுப்பிட்டானுங்க. பழைய கார்ல பழைய மாதிரிதான் இருக்கணும்னு ஸ்டான் அதுக்கு முந்தின வாரமே தட்டையானதப் போட்டு மூடிட்டாரு. நான்தான் புடிச்சுக் குடுத்தேன். ரோலர எடுத்துப் பீரோல தொங்க விட்டுட்டு, திங்கக்கெழம திருப்பி அனுப்பணும்னாரு."

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"என் பொண்டாட்டியே என்கிட்டப் பேசறதில்ல. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"சரி, சாப்பிடு. பத்தரைக்குக் கொட்டகைக்கு வந்துடு."

காலை 10:40.

எடைக் கொட்டகையில் காப்பி மணத்தது. ஓடெல் கூப்பிட்டதற்காக வேண்டன்பர்க் வந்து மூலையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெனாட்டா சுவரோடு சாய்ந்து நின்றாள். டக் ஹெண்டர்ஷாட் நாளைய நினைவு உரையை எழுதிய தாளோடு வந்தான். ஸ்டானுக்கு அடுத்தபடி ஊரில் பெயர் பெற்ற எஞ்சின்காரன். ரெனாட்டாவின் தோளைத் தட்டி, "எங்க எல்லாருக்கும் அவர்தான் அப்பா" என்றான்.

ஓடெல் கோப்பையை நகர்த்தினார். "கடைசியா ஸ்டான் கராஜுக்கு எப்பப் போன, டக்?"

"ஆகஸ்ட்ல. அதுக்கப்பறம் போகக் குடுத்து வெக்கல."

"லென்னியப் பாத்தியா?"

"அடக்க வீட்டுல பாத்தேன். கையக் குடுத்தேன்."

"நாளைக்கு அந்தச் செவெல் காரத்தான் முன்னால நிறுத்தறோம். உள்ள என்ன இருக்குன்னு ஜனங்க கேப்பாங்க. என்ன சொல்லப்போற?"

டக் தாளைத் தட்டிச் சிரித்தான். "அதுலதான் ஆரம்பிச்சிருக்கேன் பெருசு. ஆயுசு பூரா தட்டையான கேமக் கட்டிட்டு அழுத மனுஷன், கடைசி எஞ்சின்ல ரோலர் போட்டு எங்க வழிக்கு வந்துட்டாருன்னு."

"ரோலர்னு யார் சொன்னா?"

டக் ஒரு கணம் தாளைப் பார்த்தான். "லென்னி."

வாசலில் நின்ற லென்னி தொப்பியைக் கையில் எடுத்தான். "நானா? உள்ள இருக்கறது தட்டையானது. என் கையால புடிச்சுக் குடுத்தேன். இல்லாதத உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

வேண்டன்பர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

"உண்மை தெரிஞ்சவன் எவனும் ரோலர்னு சொல்லியிருக்க மாட்டான்" என்றார் ஓடெல். "ரோலர்னு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். மேசை மேல இருந்த காலிப் பெட்டி. அது சனிக்கிழமை ஒண்ணு பத்துக்குத்தான் வந்தது. ஆறு மணிலேந்து கராஜ் போலீஸ் கையில, அப்பறம் ரீனா கையில. நடுவுல வந்துட்டுப் போனவன்தான் அதப் பாத்திருக்க முடியும். நீ ஆகஸ்ட்லேந்து வரலங்கற."

"ஒரு பெட்டியப் பாத்தா கொலைகாரனா?" டக்கின் குரல் உயரவில்லை.

"கேரி, நீங்க கேளுங்க." ஓடெல் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "தட்டையான கேம் புதுசாப் போட்டா, முதல் இருபது நிமிஷம் எஞ்சின நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்துக்குக் கொறையாம அலற விடணும். ஐட்லிங்ல விட்டா எண்ணெய் பத்தாது, கேம் தேஞ்சு நாசமாப் போயிடும். ரோலருக்கு அந்தக் கவலை இல்ல. இந்த எஞ்சின் மணிக்கணக்கா ஐட்லிங்ல ஓடியிருக்கு. கேம் செத்துப்போச்சு. அதான் இருமிச்சு. விபத்துன்னா எஞ்சின் அலறிட்டு இருந்திருக்கணும். தற்கொலைன்னா..." அவர் நிறுத்தினார். "ஸ்டான் தன்னக் கொன்னுக்கலாம். கேமக் கொல்ல மாட்டாரு. ஸ்டார்ட் பண்ணினது அவர் இல்ல. லென்னியும் ரீனாவும் இல்ல. லென்னி கையால புடிச்சுக் குடுத்தது, ரீனா சின்ன வயசுலேந்து இருபது நிமிஷம் வாட்ச் புடிச்சவ; ரெண்டு பேருக்கும் உள்ள இருக்கறது என்னன்னு தெரியும். அவங்களா இருந்தா அலற விட்டு விபத்துன்னு நம்ப வெச்சிருப்பாங்க. காலிப் பெட்டிய நம்பினவன்தான் ஸ்டானப் பின்தலைல அடிச்சுச் சாச்சு, புகைக் குழாயக் கழட்டிட்டு, நிம்மதியா ஐட்லிங்ல விட்டுட்டுக் கதவச் சாத்திட்டுப் போனான்."

"எதுக்கு?" வேண்டன்பர்க் கேட்டார்.

"கோரியோட எஞ்சின்லேந்து எட்டாவது ராட் காணோம். விரிசல் விட்ட பழைய ராடத் தேச்சு மெருகு போட்டுப் புதுசுன்னு மாட்டியிருக்கான்னு நெனைக்கறேன். ஸ்டான் அத எனக்குக் காட்டறேன்னாரு. அந்தத் தாய்கிட்டச் சொல்றதுக்கு முன்னால இவன்கிட்டயும் சொல்லியிருப்பாரு. அவர் நேர்மை அப்படி."

டக் தாளை நாலாக மடித்தான். எட்டாக மடித்தான். "சொல்ல வேண்டாம்னு கெஞ்சினேன்" என்றான். "ஒரே ஒரு ராடு. நூறு எஞ்சின் கட்டியிருக்கேன். அந்த ஒண்ணுக்காக என் பேரு போயிடும்னேன். போகட்டும்னுட்டு ஸ்டூலத் தொடைச்சாரு. யாரோ வரப்போறாங்கன்னு."

ரெனாட்டா சுவரிலிருந்து நகர்ந்தாள். அவன் மேல் பாய்வாள் என்று லென்னி குறுக்கே வந்தான். அவள் பாயவில்லை. அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து, "எந்த ஸ்டூலு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று யாரும் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. தகனம் நின்றது. டக்கின் வண்டியில், இருக்கைக்கு அடியில், எண்ணெய்த்துணியில் சுற்றிய ராட் கிடைத்தது. தூக்கி எறிய மனம் வரவில்லையாம்.

சனி. காலை 10:50.

திடலில் இருநூறு கார்கள் இரண்டு வரிசையாக நின்றன. முன்னால் செவெல், மூடி திறந்து, ஊமையாக நின்றது. ரெனாட்டா ஓடெல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் அஞ்சு மணிக்கே போயிருந்தா?"

"நாலு மணிக்கு முன்னாலயே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இது ஆறுதலுக்காகச் சொல்றதில்ல."

"நான் சொன்ன மாதிரியே எஞ்சின் பக்கத்துலதான செத்தாரு."

ஓடெல் அதற்கும் பொய் சொல்லவில்லை. "ஆமா. ஆனா அந்த எஞ்சின அவர் ஸ்டார்ட் பண்ணல ரீனா. காதுக் கவசம் ரெண்டும் மேசை மேலதான் இருந்தது. உன்னோடத எங்கேந்தோ தேடி எடுத்து, உன் ஸ்டூலத் தொடைச்சு வெச்சுட்டு, நீ வரணும்னு உக்காந்திருந்தாரு. நீ சொன்னதக் கேட்டுத்தான் ரெண்டு மணிக்குப் போன் பண்ணியிருக்காரு. அவருக்குத் தெரிஞ்ச மன்னிப்பு அதுதான்."

அவள் கைப்பையிலிருந்து சிவப்புக் கவசத்தை எடுத்தாள். பெரிய தலைக்குச் சின்னது. இழுத்து மாட்டியதில் காது மடல்கள் வெளியே நின்றன. யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கைக்கடிகாரத்தை இடது கையில் பிடித்துக்கொண்டாள்.

எஞ்சின்காரர் இறந்தால் எங்கள் திடலில் மௌன அஞ்சலி கிடையாது. ஒரு நிமிடம் எல்லா எஞ்சினும் ஓட வேண்டும். வலது கையை அவள் உயர்த்தினாள். இருநூறு கார்களும் ஒன்றாக முழங்கின. ஒரு நிமிடம் ஆயிற்று. கை இறங்கவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. சில கார்களில் தண்ணீர் கொதித்து வழிந்தது. லென்னிக்குத்தான் முதலில் புரிந்தது. வரிசை நெடுக ஓடி, யாரும் அணைக்கக் கூடாது என்று கையைக் காட்டினான்.

இருபதாவது நிமிடம் முடிந்ததும் அவள் கையை இறக்கினாள்.