தகட்டை வெச்சியா, எம்மெட்?

"ஆஆஆ...!"

அலறியவன் எம்மெட் ரைல்.

ஐம்பத்தெட்டு வயது. ஆறடி இரண்டு அங்குலம். ஒரு தடவை கரடி எதிரே வந்தபோது, "போடா அந்தப் பக்கம்!" என்று அதட்டி அனுப்பியவன் என்று ஊரில் பேச்சு.

அப்பேர்ப்பட்டவன் பட்டப்பகல் மூன்று மணிக்கு, தன் சொந்தக் கடையில், ஒரு மர ஸ்டூலைப் பார்த்து அலறினான்.

ஸ்டூலில் ரஸ் ஹோல்கம்ப் உட்கார்ந்திருந்தான். அதே அழுக்குத் தொப்பி. அதே கோணல் சிரிப்பு.

ரஸ் செத்து அன்றோடு நாற்பது நாள்!

"தகட்டை வெச்சியா மச்சான்?" என்றான் ரஸ்.

"தெரியலைடா..." எம்மெட்டின் குரல் நடுங்கியது. "சத்தியமா ஞாபகம் இல்லைடா!"

ஸ்டூல் காலியானது. நாளைக்கு மறுபடி வருவான். அதே கேள்வியைக் கேட்பான்.

வெளியே ஈ காக்கை இல்லை. எல்க் மான் வேட்டை ஆரம்பமான நாள். ஆன்டலோப் பிளாட் ஊரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலையேறியிருந்தது. வயோமிங் காற்று மட்டும் 'எம்மெட் ரைல், துப்பாக்கி வேலை' என்ற பலகையை ஆட்டிக்கொண்டிருந்தது.

ரஸ்ஸுக்குத் தன் ரிவால்வர் என்றால் உயிர். போட்டிகளில் சுடுவதற்காகவே வைத்திருந்தான். மாசம் ஒரு பார்சல் வரும். ரோஸ்வுட் கைப்பிடி ஒரு மாசம். குழல் நுனிக்குப் பளிச்சென்று தெரிகிற சிவப்புக் குறிமுள் அடுத்த மாசம். அப்புறம் வழவழவென்று ஒரு ட்ரிகர்... லேசான ஸ்ப்ரிங்... எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தவன் எம்மெட்.

"ஏன்டா, பொண்டாட்டிக்கு ஒரு கம்மலாவது வாங்கியிருக்கியா?" என்று ஒருநாள் கேட்டான்.

"அவ என்கூடப் பேசியே பல வருஷம் ஆச்சு மச்சான். இது தொட்டா பேசுது!"

கடைசியாக வேலை செய்த அன்று எம்மெட்டின் மேஜையில் இரண்டு ரிவால்வர்கள் திறந்து கிடந்தன. நடுவில் யாரோ வந்தார்கள். பேச்சு. காபி. பிறகு இரண்டையும் மூடினான்.

ரஸ்ஸின் துப்பாக்கிக்குள் அந்தத் தகட்டைத் திரும்ப வைத்தானா?

சுண்டு விரல் நீள இரும்புத் தகடு. அவ்வளவுதான். துப்பாக்கி கைதவறி விழுந்தால், அதன் பின்பக்கச் சுத்தி போய்த் தோட்டாவைத் தட்டிவிடாமல் குறுக்கே நிற்பது அதுதான். அது இல்லையென்றால்... விழுந்த வேகத்தில் வெடிக்கலாம்.

வெடித்தது!

ரஸ்ஸின் மனைவி டார்லா கண்ணால் பார்த்த சாட்சி. 'அவர் நாற்காலியில சாஞ்சிருந்தார். பக்கத்து மேஜையிலேருந்து அது நழுவித் தரையில விழுந்துச்சு. டமார்!' குண்டு கீழேயிருந்து மேலே நெஞ்சில் ஏறியிருந்தது. விபத்து என்று எழுதி ஷெரீஃப் ஃபைலை மூடினார். கண்ணால் பார்த்த சாட்சி இருக்கும்போது துப்பாக்கியைப் பிரித்துப் பார்ப்பானேன்?

எம்மெட்டும் பிரிக்கச் சொல்லவில்லை. பயம். உள்ளே தகடு இல்லாவிட்டால்?

நாற்பது நாளாகக் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கடைத் தரையெல்லாம் இழுத்தான். ஆணி வந்தது. திருகு வந்தது. தகடு வரவில்லை. அதனால் என்ன? குப்பையோடு போயிருந்தால்?

கதவு மணி கிணுகிணுத்தது.

டார்லா!

கறுப்புக் கோட்டு. கையுறை. ஒரு கையில் டிபன் பாத்திரம். தோளில் பெரிய பை.

"எம்மெட்... சாப்பிட்டீங்களா? பீன்ஸ் போட்டுக் கறிக் குழம்பு. சினமன் ரோலும் இருக்கு."

"இறங்கலைம்மா."

"எப்படி இளைச்சுட்டீங்க!" அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "வக்கீல் கொடுத்தார். நீங்க கையெழுத்துப் போட்டா இந்த விஷயம் இத்தோட முடிஞ்சுடும்."

எம்மெட் வாசித்தான்.

'என் வேலையில் நேர்ந்த தவறே என் நண்பனின் சாவுக்குக் காரணம். என்னை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.'

"வக்கீல் இப்படியெல்லாமா எழுதுவாரு?"

"ரெண்டாவது வரி நான் சேர்க்கச் சொன்னது. என் மனசு ஆறணும் இல்லையா?"

போட்டால் லைசென்ஸ் போகும். கடை போகும். முப்பது வருஷப் பேர் போகும். நண்பனைக் கொன்றவன் என்று ஊர் கடைசி வரை சொல்லும்.

சொல்லட்டும். அந்த ஸ்டூலை விடவா?

பேனாவை எடுத்தான். கை நின்றது.

"டார்லா... துப்பாக்கியை ஷெரீஃப் திருப்பிக் கொடுத்துட்டாராமே?"

"பையில இருக்கு. ஏன்?"

"ஒரே ஒரு தடவை திறந்து பார்த்துடறேன். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டுப் போடறேன்."

"எதுக்கு எம்மெட்? வெந்த புண்ணுல..."

"எனக்குத் தெரிஞ்சாகணும்!" மேஜையில் ஓங்கிக் குத்தினான். "இருந்துச்சா இல்லையான்னு தெரியாம நாற்பது நாள் தூங்கலைம்மா! இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு அழுதுட்டுப் போறேன்!"

டார்லா ஒரு கணம் யோசித்தாள். தோளைக் குலுக்கினாள். திறந்து பார்த்தால்தான் என்ன, கையெழுத்து வந்தால் சரி. ரிவால்வரை எடுத்து நீட்டினாள். தோட்டா இல்லை. உள்ளே மிச்சமிருந்தவற்றை ஷெரீஃப் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

எம்மெட் திருப்புளியைப் பொருத்தினான். ஒரு திருகு... இரண்டு... மூன்று... திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினான். பக்கவாட்டு மூடி எழும்பியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

இருந்தது!

எண்ணெய் பளபளக்க, அதனிடத்தில், அம்சமாக உட்கார்ந்திருந்தது தகடு!

"வெச்சிருக்கேன்... வெச்சிருக்கேன்டா ரஸ்!"

ஆறடி மனிதன் விம்மி விம்மி அழுதான். ஸ்டூலைப் பார்த்தான். காலி! சும்மா காலி இல்லை, வெறும் மரமாக இருந்தது.

மூடியைத் திரும்ப மாட்டினான். திருகுகளை முடுக்கினான். தோட்டா போடும் சிலிண்டரை வெளியே தள்ளித் திறந்தபடியே மேஜையில் வைத்தான். அவன் கடையில் எந்த ரிவால்வரும் அப்படித்தான் கைமாறும். பிறகு ஓடிப்போய்ச் சுவரோரம் இருந்த ஃபோனை எடுத்தான்.

"கிளெம்! எம்மெட் பேசறேன். ரஸ்ஸோட துப்பாக்கியில தகடு இருக்குய்யா! என் மேல தப்பில்லை!"

ஷெரீஃப் கிளெம் பார்ட்லெட் எதையோ மென்றபடி பேசினார். "சந்தோஷம்ப்பா. நல்ல வேளை... ஆமா, தகடு இருந்தா கீழே விழுந்து எப்படி வெடிச்சுது?"

"வெடிக்காது கிளெம். சான்ஸே இல்லை. நான் இதுல..."

"அப்போ டார்லா பார்த்தேன்னு சொன்னது?"

எம்மெட் வாயைத் திறந்தான்.

முதுகுக்குப் பின்னால் 'க்ளக்' என்று சிலிண்டர் மூடிக்கொள்ளும் சத்தம்.

"ஃபோனை வை எம்மெட்."

'நீங்க' காணாமல் போயிருந்தது!

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினான். ரிவால்வரின் வாய் அவன் நெற்றிக்கு நேராக இருந்தது. அவள் பைக்குள் பிரித்த தோட்டாப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது.

"நீயா டார்லா?"

"இருபத்திரெண்டு வருஷம்!" அவள் உதடு துடித்தது. "பனி, மாடு, துப்பாக்கி. பனி, மாடு, துப்பாக்கி! பண்ணையை வித்துட்டு அரிசோனா போலாம், ரெண்டு பேரும் வெயில்ல உட்காரலாம்னு கெஞ்சினேன். இந்த இரும்பைத் துடைச்சுக்கிட்டே மாட்டேன்னான். தலை நிமிரலை!"

"அதுக்கு...?"

"தூங்கிட்டிருந்தான். குண்டு கீழேருந்து மேலே போகணுமே? முட்டி போட்டு சுட்டேன். ஜெபம் பண்ற மாதிரி."

டார்லா துப்பாக்கி முனையால் காகிதத்தைக் காட்டினாள்.

"நீ பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கணும். ஃப்ரெண்டைக் கொன்னுட்டோமேன்னு மனசு உடைஞ்சு, அதே துப்பாக்கியால சுட்டுக்கிட்டேன்னு ஊரே அழுதிருக்கும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. பேனாவை எடு!"

"ஷெரீஃப் வந்துடுவார்."

"வரட்டும். 'துக்கத்துல என்னென்னமோ உளறினார், தடுக்கறதுக்குள்ள சுட்டுக்கிட்டார்'னு சொல்லுவேன். போன தடவை நம்பினவர்தானே? போடு கையெழுத்தை!"

எம்மெட் காகிதத்தைப் பார்த்தான். ஐந்து நிமிஷம் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பான்.

"மாட்டேன்."

"எம்மெட்!"

"தகடு இருக்கு. என் வேலை சுத்தம். நான் ரஸ்ஸைக் கொல்லலை." குரலில் நடுக்கமே இல்லை. நாற்பது நாளில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டான். "உயிர் வேணும்னா எடுத்துக்கோ. பேரை எடுக்க விட மாட்டேன்!"

காகிதத்தை நாலாகக் கிழித்தான்.

டார்லா ட்ரிகரை இழுத்தாள்.

எம்மெட் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

'டிக்!'

என்ன இது? வலிக்கவில்லையே!

'டிக்!'

ஒரு கண்ணைத் திறந்தான். டார்லா மிரண்டு போய்த் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'டிக்!'

எம்மெட்டுக்குச் சட்டென்று உறைத்தது. ஒரே எட்டில் பாய்ந்தான். துப்பாக்கியின் சிலிண்டரை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தான். சிலிண்டர் சுற்றாமல் ட்ரிகர் அசையாது. அவள் பல்லைக் கடித்து இழுத்தாள். ம்ஹும்! முறுக்கிப் பிடுங்கினான்.

சிலிண்டரைத் திறந்து கவிழ்த்தான். ஆறு தோட்டாக்கள் மேஜையில் உருண்டன. மூன்றின் முதுகில் மட்டும் லேசாக, எறும்பு கடித்தாற்போல் ஒரு குழி.

"எந்தக் கடையில வாங்கினே?"

"ஹார்டுவேர் கடையில..." டார்லா தன்னையறியாமல் பதில் சொன்னாள். "நல்ல தோட்டான்னுதான் கொடுத்தான்..."

"நல்ல தோட்டாதான். இந்தத் துப்பாக்கிக்குத்தான் ஆகாது. ரஸ்ஸுக்கு ட்ரிகர் வெண்ணெய் மாதிரி போகணும். அதுக்காக ஸ்ப்ரிங்கை இளக்கி இளக்கி, சுத்தியோட அடி தம்மாத்துண்டு ஆயிடுச்சு. கடைத் தோட்டாவோட முதுகுல இருக்கிற மருந்து கேப் கெட்டி. இந்த அடிக்கு மசியாது. மெல்லிசு கேப்பாத் தேடி வாங்கி, ரஸ் தானே வீட்டுல உட்கார்ந்து தோட்டா அடைப்பான். அது மட்டும்தான் இதுல வெடிக்கும். அன்னிக்கு நீ சுட்டது அவன் அடைச்ச தோட்டாவால." எம்மெட் பெருமூச்சு விட்டான். "இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'என்னங்க பண்றீங்க'ன்னு பக்கத்துல உட்கார்ந்து கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் டார்லா!"

கதவு படாரென்று திறந்தது. உதட்டோரம் சாஸோடு ஷெரீஃப் பார்ட்லெட் நின்றார். கையில் துப்பாக்கி.

"யாரும் அசையக் கூடாது! எம்மெட், என்னய்யா நடக்குது இங்கே?"

"ரஸ்ஸைக் கொன்னது இவங்கதான், ஷெரீஃப். இப்பதான் அவங்க வாயாலேயே சொன்னாங்க."

விலங்கு மாட்டப்பட்டது. வாசல்வரை அழாமல் போன டார்லா, அங்கே நின்று திரும்பினாள். ஆத்திரத்தில் முகம் சிவந்திருந்தது.

"முப்பது வருஷமா துப்பாக்கி வேலை பார்க்கறானாம்! த்தூ... ஒரு குண்டு வெடிக்க வக்கில்லை!"

எம்மெட் டிபன் பாத்திரத்தைத் திறந்தான். நாற்பது நாள் பசி. ஆனால் சமைத்தது யார் என்ற ஞாபகம் வந்ததும் அப்படியே மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"என்ன அவசரம் டார்லா உனக்கு? உள்ளே வந்ததுமே 'உங்களைச் சுடணும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அஞ்சு நிமிஷத்துல பழைய ஸ்ப்ரிங்கை மாட்டிக் கொடுத்திருப்பேனே!"