பின்கட்டுக் கிணற்றின் கடைசி ரீல்

“வீ...ல்!”

அந்த மாடியிலிருந்து அலறல் கேட்டால் ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்கிற அலறல்தான். மாடியில் ‘திருச்சி திகில் கழகம்’ பேய்ப் படம் போடுகிறது என்று அர்த்தம்.

அதனால் அன்று காலை டெல்பின் தொண்டை கிழியக் கத்தியபோது, கீழே பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்த மாமி அலுத்துக்கொண்டாள்.

“கார்த்தாலயே ஆரம்பிச்சுட்டாளா? ரங்கா!”

ஒருவரும் மாடியேறி வரவில்லை.

டெல்பின் மறுபடி கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது!

திரைக்கு எதிரே, முதல் வரிசை நாற்காலியில் கழகத்துக்காரர் பிராங்க்ளின். தலை ஒரு பக்கமாகச் சரிந்து... பின்மண்டையில் ரத்தம் காய்ந்து கறுத்து...

காலடியில் ஒரு வெண்கல மண்டை ஓடு.

வருஷா வருஷம் ஓட்டெடுப்பு நடத்தி, சிறந்த திகில் படத்துக்குக் கழகம் கொடுக்கிற விருது அது. வாங்கிக்கொள்ள எந்த டைரக்டரும் வந்ததில்லை. அலமாரியில் சும்மா கிடந்த மண்டை ஓட்டுக்கு முதல் தடவையாக வேலை கொடுத்திருக்கிறார்கள், பாவிகள்!

பக்கத்து நாற்காலியில் குடித்து வைத்த இரண்டு டீ கிளாஸ். எதிரே மேஜையில் லேப்டாப் திறந்தபடி இருந்தது.

அதில் செருகியிருக்க வேண்டிய பென் டிரைவைக் காணோம்.

* * *

“ஒரு படம் நம்பர் ஒன்னா, நம்பர் டூவா... இதுக்கா மண்டையை உடைப்பீங்க?”

இன்ஸ்பெக்டர் வேணி கேட்டாள். அவளுக்குப் பேய்ப் படமே பிடிக்காது. பேய்ப் படம் பார்க்கிற ஆட்களை அதைவிடப் பிடிக்காது.

அவள் எதிரே மூன்று பேர். டெல்பின், பாலக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். அவளுடைய அண்ணன் ரெஜிஸ், காலேஜ் லெக்சரர். அப்புறம், கீழே ஜெராக்ஸ் கடையும் மேலே இந்த மாடியும் யாருக்குச் சொந்தமோ அந்த மாதவன்.

“மேடம், இதுல சந்தேகத்துக்கே இடமில்ல. நம்பர் ஒன் ‘ஊமை மணி’தான்!” என்றான் மாதவன்.

“அவங்க அதைக் கேக்கல மாதவன்!” டெல்பின் சீறினாள்.

“‘ஊமை மணி’யா? அதெல்லாம் ஒரு படமா? பவுடர் பூசின பூனை வர்ற படம்!” என்றான் ரெஜிஸ். “நம்பர் ஒன் ‘பின்கட்டுக் கிணறு’ மேடம். அதுக்கப்புறம் பத்து இடம் காலியா விட்டுட்டு மத்ததை எழுதலாம்.”

“பாதிப் படம் சார் அது! கடைசி ரீலே இல்லாத படத்தை எவனாவது முதல்ல வைப்பானா?”

“ஷட் அப்!”

கத்தியது வேணி. இரண்டு பேரும் அடங்கினார்கள்.

“கடைசி ரீல் இல்லன்னா என்ன அர்த்தம்? யாராவது ஒருத்தர் சொல்லுங்க. நீங்க சொல்லுங்கம்மா.”

டெல்பின் சொன்னாள்.

“ரொம்பப் பழைய படம் மேடம். ஒரு மருமக, கொல்லைக் கிணத்துல பேய் இருக்குங்கிறா. இருக்கா இல்லையாங்கிறது கடைசி ரீல்லதான் தெரியும். அந்த ரீல் எங்கேயும் இல்ல. வருஷக்கணக்கா நாங்க அதுக்குத்தான் அடிச்சுக்கறோம். தொட்டியம் பக்கம் மூடிக் கிடந்த ஒரு டூரிங் கொட்டகையில பிராங்க்ளின் அதைக் கண்டுபிடிச்சிட்டாரு. பென் டிரைவ்ல ஏத்திக் கொண்டாந்து, இன்னைக்கு எங்களுக்குப் போட்டுக் காட்டறதா இருந்தாரு.”

“அதுக்குள்ள ஒருத்தன் அவர் கதையை முடிச்சிட்டான்.” வேணி பெருமூச்சு விட்டாள். “நேத்து சாயங்காலம் லேப்டாப்ல அந்த ரீல் முழுசா ஓடியிருக்கு. ரெண்டு டீ கிளாஸ். ரெண்டு பேர் உக்காந்து பார்த்திருக்காங்க. பார்த்து முடிச்சதும் ஒருத்தர் இன்னொருத்தரை அடிச்சிருக்காரு. போகும்போது வெளியே பூட்டிட்டுப் போயிருக்காரு, பிராங்க்ளின் சாவி அவர் பாக்கெட்டுலயே இருக்கு. இந்த ரூம் சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“பிராங்க்ளின்கிட்ட ஒண்ணு...” டெல்பின் இழுத்தாள். “மாதவன்கிட்ட ஒண்ணு... எங்க அண்ணன்கிட்ட ஒண்ணு, அதுலதான் இன்னைக்குத் திறந்தேன்.”

“மாதவன், போன வாரம் நீங்க பிராங்க்ளின் சட்டையைப் பிடிச்சு ‘மண்டையைப் பொளந்துடுவேன்’னு சொன்னீங்களாமே?”

“அது... ‘ஊமை மணி’யை ஏழாவது இடத்துக்குத் தள்ளினான் மேடம்! ஏழாவது! கோவம் வராதா?”

“நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?”

“கொள்ளிடக்கரையில வாக்கிங். தனியாத்தான்.”

வேணி திரும்பினாள்.

“ரெஜிஸ் சார்... அந்தப் படத்துல பேயே கிடையாதுன்னு நீங்க புஸ்தகமே எழுதியிருக்கீங்க. அடுத்த மாசம் வெளியீடு. ‘ரெஜிஸ் புஸ்தகத்தை பஜ்ஜி மடிக்க அனுப்பிடலாம்’னு பிராங்க்ளின் உங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்காரு. படிச்சீங்களா?”

“படிச்சேன். சிரிச்சேன்.”

“நேத்து சாயங்காலம்?”

“காட்டூர்ல, வீட்டுல. என் ரூம்ல படம் பார்த்துட்டிருந்தேன்.”

“பார்த்தவங்க யாராவது?”

“நான் பார்த்தேன்,” என்றாள் டெல்பின்.

அவள் பார்க்கவில்லை!

சனிக்கிழமை சாயங்காலம் ரெஜிஸின் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே பேய் அலறிக்கொண்டிருக்கும். படம் ஓடும்போது கதவைத் தட்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அவள் கேட்டது அலறலை மட்டும்தான். ஆனால் அதைச் சொன்னால் போலீஸ் விடுமா? அம்மா அப்பா போன பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு அண்ணன்தான். ஒரு கொசுவை அடிக்கக்கூட எழுந்து வராத சோம்பேறி அண்ணன்.

‘இவனாவது, கொலை செய்யறதாவது!’

அவளுக்கு அதில் துளி சந்தேகம்கூட இல்லை.

* * *

மூன்று நாள் கழித்து வேணி பாலக்கரைக் கடைக்கே வந்துவிட்டாள். யூனிபார்ம் இல்லை. காட்டன் புடவை.

“கண்ணாடி மாத்தணுமா மேடம்?”

“உங்க வாக்குமூலத்தை மாத்தணும். நேத்து சாயங்காலம் உங்க பக்கத்து வீட்டுல கேட்டேன். சனிக்கிழமை ரெஜிஸ் ரூம்ல சத்தம் கேட்டுதாம். ஆளைப் பார்க்கலையாம். நீங்க மட்டும் எப்படிப் பார்த்தீங்க?”

டெல்பினின் கை கவுன்டர் கண்ணாடியில் ஈரமாய்ப் பதிந்தது.

“எங்க அண்ணன் செய்யல மேடம்.”

“பொய் சாட்சி சொன்னா என்ன தண்டனைன்னு தெரியுமா?”

“செய்யலைன்னு சொல்றேன்ல! அந்த மாதவனைப் போய்ப் பிடிங்க. சட்டையைப் பிடிச்சது அவன். மண்டையைப் பொளப்பேன்னது அவன். சாதுவா இருக்கற ஆளை ஏன் மேடம் சுத்திச் சுத்தி வர்றீங்க?”

“ரெண்டு பேருல ஒருத்தர். நிரூபிக்க எனக்குக் கையில ஒண்ணும் இல்ல. மண்டை ஓட்டுல கைரேகையைத் துடைச்சிருக்கு. ரீலும் இல்ல, பென் டிரைவும் இல்ல.”

“அப்ப அந்தக் கடைசி ரீலை நாம யாருமே...”

“நான் பார்த்துட்டேன்,” என்றாள் வேணி சாவதானமாக. “சென்னையில ரசூல்னு ஒருத்தர். பிராங்க்ளினுக்கு அந்த ரீலைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தவர். அவர்கிட்ட ஒரு காப்பி இருந்தது.”

டெல்பின் நிமிர்ந்தாள். ஒரு நிமிஷத்துக்குக் கொலை மறந்தது. போலீஸ் மறந்தது.

“எப்படி முடியுது? பேய் இருக்கா?”

“நீங்களும் அந்தக் கூட்டம்தானே!” வேணி தலையில் அடித்துக்கொண்டாள். போனை எடுத்துக் காட்டினாள்.

டெல்பின் பார்த்தாள். கடைசிக் காட்சியில் அவளுடைய முதுகுத்தண்டு சில்லிட்டது. கடைக்கு வந்த ஒருவரைக்கூட அவள் கவனிக்கவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் கண்கள் பளபளத்தன.

“மேடம்... இந்த முடிவை இப்ப யார் யார் பார்த்திருக்கோம்?”

“பிராங்க்ளின். ரசூல். நான். நீங்க.”

“அப்புறம் கொலைகாரன்!”

“ம்.”

“எங்க ஆளுங்களை உங்களுக்குத் தெரியாது மேடம். சோறு தண்ணி இல்லாம இருப்பாங்க. ஆனா படத்தைப் பத்தி ஒருத்தன் தப்பாப் பேசினா மட்டும் வாயை மூடிட்டு இருக்க முடியாது. அந்த மாதவன், கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்திருந்த ஆளை எழுப்பித் திருத்தினவன். ஞாயித்துக்கிழமை பிராங்க்ளினுக்கு ஏழாம் நாள் பூசை. முடிஞ்சதும் மாடியில கூடறோம். நான் எழுந்து கிளைமாக்ஸைத் தப்பாச் சொல்றேன். ரொம்ப மட்டமா... சொல்லி, படத்தை லிஸ்ட்டுல கீழ இறக்கச் சொல்றேன். அவன் திருத்துவான் பாருங்க!”

வேணி அவளையே பார்த்தாள்.

“உங்க அண்ணன்கிட்ட இதைச் சொல்லாதீங்க.”

“ஏன்?”

“அவர் முகத்துல தெரிஞ்சுட்டா கொலைகாரன் உஷாராயிடுவான்ல?”

நியாயமாகத்தான் பட்டது டெல்பினுக்கு.

* * *

மேலப்புதூர் சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் அடையவளஞ்சான் வீதி மாடிக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். யாருக்கும் பசியில்லை. இருபது பேர் போல இருந்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் உட்கார்ந்தார்கள். பிராங்க்ளினின் நாற்காலியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கதவோரம் வேணி. மாடிப்படியில் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

டெல்பின் எழுந்தாள்.

“பிராங்க்ளின் சாகறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணினாரு. கடைசி ரீல்ல என்னன்னு சொல்லிட்டாரு.”

மாதவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். ரெஜிஸ் பின் வரிசையில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

“மருமக கிணத்தை எட்டிப் பார்க்கறா. உள்ளேயிருந்து ஒரு கை நீளுது. நகம் இவ்வளவு நீளம். முடியைப் பிடிச்சு உள்ள இழுத்துப் போட்டுடுது. அவ்வளவுதான் படம்.”

“த்தூ!” என்றான் மாதவன்.

டெல்பின் அவனைக் கண்கொட்டாமல் பார்த்தாள். ‘சொல்லுடா... வாயைத் திற!’

“என்ன மாதவன், தப்பா சொல்றேனா?”

“எனக்கு என்ன தெரியும்? இப்படி ஒரு மட்டமான கிளைமாக்ஸ்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்! இதுக்கா வருஷா வருஷம் முதலிடம் கொடுத்தீங்க? இறக்குங்க கீழ! பத்தாவது இடம்!”

அவன் முகத்தில் சந்தோஷம். வெறும் சந்தோஷம். டெல்பினுக்குத் திக்கென்றது.

‘இவன் பார்க்கவே இல்லையா?’

நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்த வேகம் விடவில்லை.

“சரி. ‘பின்கட்டுக் கிணறு’ பத்தாவது இடம். ‘ஊமை மணி’ முதல் இடம். ஒத்துக்கறவங்க கை தூக்குங்க.”

மாதவன் கை தூக்கினான். இன்னொருவர். இன்னும் இரண்டு பேர்...

நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது!

“இறக்குங்கடா கையை!”

எல்லோரும் திரும்பினார்கள்.

ரெஜிஸ்!

முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து நின்றான்.

“பவுடர் பூனை முதலிடமா? எவன் சொன்னான் உனக்கு, கை வருதுன்னு? கையாவது நகமாவது! கிணத்துக்குள்ள ஒண்ணுமே இல்ல டெல்பி! வெறும் தண்ணி! அவ எட்டிப் பார்க்கறா... தண்ணியில வானம் தெரியுது, வாழை மரம் தெரியுது, அவ முகம் மட்டும் தெரியல! அவதாண்டா பேய்! படம் முழுக்க அவதான்! அதைப் போய்... அந்த ஒரு ஷாட்டுக்கு...”

நின்றுவிட்டான்.

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

டெல்பின் அவன் பக்கம் நடந்தாள்.

“அண்ணா... அது உனக்கு எப்படித் தெரியும்?”

ரெஜிஸ் குனிந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான்.

“சனிக்கிழமை உன் ரூம்ல சத்தம் கேட்டுதே... அலறல் கேட்டுதே...”

“படத்தைப் போட்டுட்டு, கொல்லை வழியாப் போனேன்.” அவன் குரல் இறங்கிவிட்டது. “நீ கதவைத் தட்ட மாட்டேன்னு தெரியும். வந்து பாருடான்னு பிராங்க்ளின் போன் பண்ணினான். பார்த்தேன். என் புஸ்தகத்துல ஒரு வரிகூடத் தேறல டெல்பி. புஸ்தகம் வர்ற வரைக்கும் காட்டாதேன்னு கெஞ்சினேன். சிரிச்சான். நாளைக்கு எல்லார் முன்னாடியும் உன்னை எழுந்து நிக்க வச்சுக் காட்டறேண்டான்னான். கைக்கு எட்டற தூரத்துல அந்த மண்டை ஓடு...”

கான்ஸ்டபிள்கள் உள்ளே வந்தார்கள்.

டெல்பின் வேணியிடம் பாய்ந்தாள்.

“நான் மாதவனைப் பிடிக்கத்தானே இதைச் செஞ்சேன்!”

“மாதவன்னு சொன்னது நீங்க. நான் யார் பேரையும் சொல்லலையே.” வேணி குரலைத் தாழ்த்தினாள். “நான் பேசியிருந்தா உங்க அண்ணன் வாயைத் திறந்திருக்க மாட்டாரு. நீங்க பேசினா அப்படி இல்ல.”

டெல்பின் அப்படியே உட்கார்ந்தாள். பிராங்க்ளினின் நாற்காலி என்பதுகூடத் தெரியாமல். அண்ணனைக் காப்பாற்றக் கிளம்பி, தன் கையாலேயே பிடித்துக் கொடுத்துவிட்டாள். அழுகை வந்தது. கூடவே அவன்மேல் கொலைவெறியும் வந்தது.

ரெஜிஸ் கையை நீட்டினான். விலங்கு விழுந்தது. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வாசலில் மட்டும் நின்றான்.

“மேடம்... நீங்களும் அந்த ரீலைப் பார்த்திருக்கீங்கதானே? உண்மையைச் சொல்லுங்க. நம்பர் ஒன்தானே?”

வேணி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

“படம் சுமார்தான் சார்... கிளைமாக்ஸை நீங்கதான் பிரமாதமாப் பண்ணினீங்க!”